பேரேட்டின் பின்பக்கம்

முன்பக்கம் ஐஸ் கணக்கு.
தொண்டி மீன் லாரிக்கு எத்தனை பாளம்,
சோடாக்கடை காதருக்கு எத்தனை,
உமியில் உருகிக் கழிந்தது எத்தனை.
தலைகீழாகத் திருப்பிப் பிடித்தால் நாங்கள்:

பள்ளத்தூர் ஐஸ் கம்பெனி ஹாக்கி கிளப்.
அறுபத்தொன்று, பங்குனி.
லாரிக் கதவில் பெயின்டர் எழுதும்போது
'கம்பெனி'க்கு இடம் போதவில்லை,
விட்டுவிட்டான்.
இரண்டு ரூபாய்க் கூலியில் நாலணா
பிடித்துக்கொண்டார் வயிரவன் செட்டியார்.
எங்களுக்கு அதுவே பெயராகிப்போனது:
ஐஸ் ஹாக்கி கிளப்.

ஊருணி வற்றினால் மைதானம்,
ஐப்பசியில் நிறைந்தால் சீசன் முடிந்தது.
அந்தச் செம்மண்ணில்
அடுத்து எந்தப் பக்கம் துள்ளப் போகிறோம் என்று
பந்துக்கே தெரியாது.
கோலி சவரியப்பன் காலில் கட்டியது சாக்கு,
உள்ளே கிடங்கு உமி. அதை நான் கணக்கில் எழுதவில்லை.
இடது ஓரம் சேக் உதுமான்,
அவன் ஓடினால் நாய்களும் சேர்ந்து ஓடும்.
நான் எழுதுகிறவன்; ஆள் குறைந்தால் பேக்.

முதல் வருஷம் ஒன்பது ஆட்டம், எட்டுத் தோல்வி.
ஒன்பதாவதுக்கு தேவகோட்டைக்காரர்கள் வரவில்லை.
வெற்றி என்றே எழுதியிருக்கிறேன்.

அறுபத்தெட்டில் ஒரு பார்சல்.
ஆல்டன்பரோ என்று ஒரு ஊர், இங்கிலாந்து.
எந்தப் பட்டியலில் எங்கள் பெயரைப் பார்த்தார்களோ,
இந்தியாவில் ஐஸ் ஹாக்கி ஆடும் சகோதரர்களுக்கு என்று
தங்கள் அணியின் வரலாறு நான்கு பக்கம்:
பஞ்சாலை ஆட்கள் ஆரம்பித்தது,
யுத்தத்துக்குப் போன ஐந்து பேர் திரும்பாதது,
வாங்கியது ஒரே கோப்பை,
அதுவும் திருட்டுப்போனது.
கூடவே கறுப்பாக ஒரு ரப்பர் வட்டு,
கந்தரப்பம் அளவில்.

உதுமான் மோந்து பார்த்தான், அடித்துப் பார்த்தான்.
இரண்டடி போய் மண்ணில் படுத்துக்கொண்டது.
மலைக்கண்ணு எடுத்துப்போய்
கடகடவென்று ஆடிக்கொண்டிருந்த கம்ப்ரெஸரின்
காலடியில் செருகினான்.
அன்று ராத்திரிதான் தெரு தூங்கியது.

பதில் எழுதினேன், அகராதி வைத்துக்கொண்டு:
ஐயா, எங்கள் பாளம் நூற்றைம்பது கிலோ.
நாங்கள் அதன்மேல் நிற்பதில்லை. விற்கிறோம்.
வட்டு நன்றாக வேலை செய்கிறது.

ஆறு மாதம் கழித்து ஒரு தபால் அட்டை.
ஆடுதளத்தை மூடிவிட்டார்களாம்,
இப்போது அது மரச்சாமான் கடை.
எங்களிடம் ஐஸ் இல்லை,
உங்களிடம் இருப்பதில் சந்தோஷம்.

எழுபத்திரண்டில் இறுதி ஆட்டம் வரை போனோம்.
எப்படியென்று கேட்காதீர்கள்.
காரைக்குடியில், மானாமதுரை ரயில்வேயோடு, நாலு மணிக்கு.
மூன்றரைக்கு சைக்கிளில் ஆள் வந்தான்:
கானாடுகாத்தானில் ஒரு சாவு,
மகன் பினாங்கிலிருந்து வர மூன்று நாள்,
பதினாலு பாளம் உடனே.

பாளம் தூக்குகிறவர்கள்தான் எங்கள் பார்வர்டுகள்.
செட்டியார் யார் முகத்தையும் பார்க்கவில்லை.
முதலில் சாக்கை அவிழ்த்தவன் சவரியப்பன்.
சீருடையோடு ஐந்து பேர் லாரியில் ஏறினார்கள்.
மிச்சம் ஆறு பேர் ஆடினோம், கோலில் நான்.
பதினொன்று எழுதியிருக்கிறேன்.
அதற்கப்புறம் எனக்கே எண்ண மனமில்லை.

மறுநாள் உதுமான் சொன்னான்:
"வளவு முழுக்க ஈரம் அண்ணே,
வழவழன்னு ஆத்தங்குடிக் கல்லு.
பாளத்தை ஒரு தள்ளு தள்ளினா
தேக்குத் தூணுக்கு நடுவால
சத்தமே இல்லாமப் போகுது.
சவரி அந்தப் பக்கம் காலை வச்சு நிறுத்துறான்,
திருப்பித் தள்ளுறான்..."
சாவு வீடு என்பது நினைவுக்கு வந்து
வாயைப் பொத்திக்கொண்டான்.

முன்பக்கம் பாளம் பதினாலு, ரொக்கம்.
பின்பக்கம் தோல்வி.
இரண்டுக்கும் ஒரே தேதி.
உதுமான் சொன்னதை எந்தப் பக்கமும் எழுதவில்லை.

கம்ப்ரெஸரை எடைக்கு எடுக்க வந்தவன்
அடியிலிருந்து வட்டை நெம்பி எடுத்து
"இது என்ன சாமான்?" என்றான்.
"ஆல்டன்பரோ" என்றேன்.
ஏதோ கம்பெனிப் பெயர் என்று நினைத்து
வாஷர்களோடு போட்டுக்கொண்டான்.