உறைபெட்டிக்கு ஒரு முத்திரை

ஹபறணைப் பக்கமிருந்து
விடியும் முன்னமே வந்த லொறி
உப்புவெளி ஹோட்டலின் பின்கதவோடு முதுகை ஒட்டி நிற்கிறது.
இயந்திரத்தை நிறுத்தவில்லை.
நிறுத்தினால் இறைச்சிக்கு வேர்க்குமாம்.

நூற்று நாற்பது பெட்டிகள்.
எலும்பு நீக்கியது, உறைந்தது, நிகர எடை இருபத்தேழு கிலோ சொச்சம்.
பிறந்த நாடு என்ற இடத்தில்
நான் போயிராத ஒரு பெயர்.
எந்தப் புல்லைத் தின்றது, யார் அதட்டினார்கள்,
முன்கால் நொண்டியதா,
ஒன்றும் எழுதியிருக்கவில்லை.
கால்நடை வைத்தியர் ஒப்பம் என்ற கட்டம் மட்டும்
எனக்காகக் காலியாக இருக்கிறது.

முந்தாநாள் இஸ்ஸதீன் நானா
கிண்ணியாப் பாலம் கடந்து கந்தோருக்கு வந்திருந்தார்.
கண்டல்காட்டில் அவர் பட்டியில் அறுபத்திரண்டு உருப்படி.
விற்கிற பருவத்தில் நாம்பன் இருபத்தொன்று.
"உறைஞ்சது கிலோவுக்கு நானூறு ரூபா குறைவாம் டொக்டர்.
என்ட மாடு உறையத் தெரியாம நிக்கிது"
என்றார். சிரிக்கவும் செய்தார்.
மாடு கொண்டுபோகும் அனுமதிப் பத்திரத்தை நிரப்பிக் கொடுத்தேன்.
போகுமிடம் என்ற கோட்டில் எழுத
அவரிடம் ஊர் இருக்கவில்லை.
வெறுமையாகவே மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

அந்த மாடுகளை எனக்குத் தெரியும்.
கோமாரி வந்த வருடம்
ஒவ்வொன்றின் வாயையும் பிளந்து பார்த்த கைகள் இவை.
ஒரு சிவலை என் மணிக்கூட்டு வாரை நக்கியே கழற்றியது.

கைகள் என்றதும்தான் ஞாபகம்:
ஒப்பந்தத்தின் பின்னிணைப்பை ஒருதரம் வாசித்தேன்.
அவர்களுடைய மாட்டை நாங்கள் வாங்கினால்
எங்களுடைய றப்பர் கையுறையை
அவர்கள் வரியில்லாமல் வாங்குவார்கள்.
இப்போது நான் போட்டிருப்பதும் அந்தக் கையுறைதான்,
ஏற்றுமதியில் கழித்துவிட்ட இரண்டாம் தரம்.
சுட்டுவிரல் நுனியில் ஊசித்துளை.
அதன் வழியாக ஒரு தூரதேசத்துக் குளிர்
விரலுக்குள் ஏறுகிறது.

போன வருடம்
மாவட்டத்தில் மாட்டிறைச்சி உபரி என்று
அட்டவணையோடு கொழும்புக்கு எழுதினேன்.
'குறித்துக்கொள்ளப்பட்டது' என்று ஒரு வரிப் பதில்.
குறிப்பது எப்படியென்று நானாவின் பட்டியில் பார்த்திருக்கிறேன்.
இரும்பு பழுக்க வேண்டும். நாலுபேர் அமுக்க வேண்டும்.
மயிர் கருகும்.
மாடு கத்தும்.

"மிஸ், கொஞ்சம் கெதியா" என்கிறார் ஸ்டோர்காரர்.
அவருக்குப் பின்னால் கடற்கரை.
ஈரமணலில் நாலு மாடு படுத்து அசைபோடுகின்றன.
யாருடையதோ, குறி தெரியவில்லை.
ஒரு வெள்ளைக்காரப் பெண் முழங்காலிட்டுப் படமெடுக்கிறாள்.
மத்தியானச் சாப்பாட்டுக்கு என்ன என்று
கரும்பலகையில் ஏற்கனவே எழுதியாயிற்று.

ஊதா மையில் முத்திரையைத் தோய்த்துக் குத்தினேன்.
பனியில் வழுக்கி ஓடியது.
துடைத்துவிட்டு மறுபடி குத்தினேன்.
உண்ண உகந்தது.
உகந்ததுதான். அதில் பொய்யில்லை,
அதுதான் என்னைத் தின்கிறது.

பின்னேரம் வீட்டுக்குப் போகும்போது
பஸ் நிலையத்துக் குப்பைத்தொட்டியடியில்
ஒரு புள்ளிமான்
பிரித்தெறிந்த பெட்டியொன்றை மென்றுகொண்டு நின்றது.
நாட்டின் பெயரை விட்டுவிட்டு
என் கையெழுத்துப் பக்கமிருந்து.