அபராதச் சீட்டு

ரீகா. ஏழாம் எண் டிராம்.
சீட்டெடுக்காத கிழவர்
பெயரைச் சொல்லி முடிக்குமுன் சரிந்தார்.

ஸைகா தோளைத் தட்டினாள். பதிலில்லை.
வாய் மட்டும்
கரையில் எறிந்த மீனாய்த் திறந்து மூடியது.
அது மூச்சல்ல என்று
போன மார்ச்சில், பிளாஸ்டிக் பொம்மைமுன்
அரைத்தூக்கத்தில் கேட்டது.

“சிவப்புத் தொப்பி, நீங்கதான்! ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்க!”

நடு நெஞ்சில் உள்ளங்கை.
அழுத்தி, விட்டு, அழுத்தி...
காய்ந்த சுள்ளிபோல் ஏதோ முறிந்தது.
பொம்மைக்கு விலா முறிந்ததே இல்லை.
எண்ணிக்கை பிசகி, மறுபடி ஒன்றிலிருந்து.

கை ஓய்ந்தபோது
சிவப்புத் தொப்பி மண்டியிட்டுத்
தன் கையைக் கொடுத்தது.

ஓயார்ஸாம்.
அட்டையைப் பார்த்துச் சொன்னார் நர்ஸ்.

ஸ்ட்ரெச்சர் இறங்கியபின்
கதவோரம் கிடந்தது அபராதச் சீட்டு,
யாரோ மிதித்த ஈரத் தடத்தோடு.
அதில் அவள் எழுத்து, பாதிப் பெயர்:
ஓயா