ஏழாம் கட்டு

வெர்னன் மெல்பேர்ணுக்குப் போகிறான்.
அவனுடைய பேஸ் கிற்றார் போகவில்லை.
ரெண்டு லட்சத்து நாப்பது, என்றான்,
உனக்கெண்டபடியால்.
வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லு.

இன்று வியாழன்.
மாவு ஆலையில் இரவு வேலை முடிந்து
சீனக்குடாவிலிருந்து வருகிற பஸ்ஸில்
காதுக்குள் இன்னும் உருளைகள் அரைக்கின்றன.
ஏறக்குறைய என் தடித்த கம்பியின் சுருதி,
ஒரு மயிரிழை கீழே.

என்னுடையது பதினெட்டாயிரத்து ஐந்நூறு,
பதினொரு வருஷத்துக்கு முந்திய ரூபாயில்.
கொட்டாஞ்சேனையில் ஒரு கடையின் பின்பக்கம்
குடைகளுக்கும் மேசை விசிறிகளுக்கும் நடுவில் நின்றது.
கறுப்பு என்று விற்றார்கள்.
முழங்கை உரசின இடத்தில் இப்போது
மஞ்சள் ஒட்டுப்பலகை தெரிகிறது.
சத்தம் கூட்டுகிற திருகு தொலைந்து
பற்பசை மூடி ஒன்று இருக்கிறது,
அது இன்னும் நன்றாகத் திரும்புகிறது.
தோள்வாரில் பாதியை
பஸ் நிலையத்தில் ஒரு மான் தின்றது.
வெளியூரார் நம்புவதில்லை.
இந்த ஊர் மான்கள் தேர்தல் போஸ்டரும் தின்னும்.

மெல்லிய கம்பியில், ஏழாம் கட்டில்,
அதற்குக் குரல் இல்லை.
அழுத்தி அடித்தால் டொக்,
நனைந்த மட்டையில் தட்டினது போல.
முதல் வருஷம் முழுக்கச் சண்டை.
கம்பி மாற்றினேன், தகட்டைத் தேய்த்தேன்,
கழுத்தை ஒரு நாள் வெயிலில்கூட வைத்தேன்.
பிறகு சுற்றிப் போகப் பழகினேன்:
அந்தச் சுரம் வேண்டுமென்றால்
பக்கத்துக் கம்பியில் பன்னிரண்டாம் கட்டுக்கு ஓடி
எடுத்துக்கொண்டு திரும்பி வருவேன்.
ஒரு கண்சிமிட்டு பிந்தும்.

உப்புவெளி ஹோட்டலில் சனிக்கிழமை இரவுகளில்
றிப்கான் அந்தக் கண்சிமிட்டுக்குக் காத்திருந்து
காலால் டிரம்மை மிதிப்பான்.
உன்ர அந்த இழுவை இருக்கே, என்பான்,
அதுதான் மச்சான் எங்கட பாண்ட்.
ஓட்டையைப் பாணி என்று நினைத்திருக்கிறான்.
நான் திருத்தவில்லை.

நேற்றுப் பின்னேரம் பாலையூற்றில்
கட்டி முடித்த பெட்டிகளுக்கு நடுவே இருந்து
வெர்னனுடையதை மடியில் வைத்தேன்.
ஒவ்வொரு சுரமும்
கழுவிக் கவிழ்த்த கோப்பை போலத் தனியாக நின்றது.
என் மோதிர விரல் சோம்பேறி என்பதை
அது ஒரே நிமிஷத்தில் வீட்டாருக்கெல்லாம் சொன்னது.
பழையது பதினொரு வருஷம் மூடி மறைத்திருக்கிறது.

ஏழாம் கட்டுக்கு மேலே வந்த விரல்
நின்றது,
சுற்றிப் போனது.
அங்கே ஓட்டை இல்லை என்று விரலுக்குச் சொன்னேன்.
திரும்ப வாசித்தேன்.
திரும்பவும் சுற்றிப் போனது.
வெர்னன் சிரித்தான்:
அங்க ஒருத்தரும் மறிக்கேல்ல மச்சான், நேர போ.

வருகிற வழியில், அனுராதபுரச் சந்தியில்,
சைக்கிள் தானாக மெதுவானது.
ஒரு கால் தரைக்கு வந்தது.
கை சட்டைப் பையில் அடையாள அட்டையைத் தொட்டது.
மணல் மூட்டைகளை எடுத்து எத்தனை வருஷம்.
இப்போது அதில் ஒரு பெடியன்
குளிர்ந்த சர்பத் விற்கிறான்.
வாங்கிக் குடித்தேன், வேறென்ன செய்ய.

சுபோதினியிடம் சொன்னேன்.
சீட்டுக்காசு கூரைக்கு என்பாள்,
மகளின் ட்யூஷன் என்பாள் என்று நினைத்து
எதிர்த்துப் பேச நாலு வசனம் வைத்திருந்தேன்.
அவள் மீன் செதில் உரசிக்கொண்டே
வாங்குங்கோவன், என்றாள்.
பழசில வாசிக்கேக்க ஒரு இடத்தில
நீங்கள் மூஞ்சையைச் சுளிப்பியள்.
அந்த இடம் வரமுதலே எனக்குப் பல்லுக் கூசும்.

எத்தனை வருஷமாக, என்று கேட்கவில்லை.
கையிலிருந்த கடைசிச் சாட்டும் போயிற்று.

காசை எடுத்தாயிற்று.
உறையில் இருக்கிறது,
உறை பழைய கிற்றாரின் பைக்குள் இருக்கிறது.
இரவு, வேலை இல்லை. மகள் தூங்கிவிட்டாள்.
அம்ப் போடாமல் மடியில் வைத்துக்கொண்டு
எத்தனையோ காலத்துக்குப் பிறகு
நேராகப் போய் ஏழாம் கட்டை அழுத்தினேன்.
டொக்.
இன்னொரு முறை.
டொக்.
உள்ளறை இருட்டிலிருந்து
சுபோதினி சொன்னாள்:
அதேதான்.