சுமை பார்த்தல்

ஓடுவதற்கான ஷூவோடு வரவும் என்று
கடிதத்தில் ஒரு வரி இருந்தது.
எங்கள் வீட்டில் அப்படி ஒன்று இல்லை.
பதினொரு வருடத்தில் வாங்கவே இல்லை.
சாட்ஸ்வொர்த்தில் இரண்டு தெரு தள்ளி
தங்கை மகன் ப்ரெஷானிடம் இரவல் கேட்டு,
முனையில் ஒரு காலுறையைத் திணித்து
ஆஸ்பத்திரி மேட்டில் ஏறினோம்.

மின்வெட்டு அட்டவணையைப் பார்த்துத்தான்
நாள் குறித்திருந்தார்கள்:
பத்திலிருந்து பன்னிரண்டு வரை
டர்பனின் இந்தப் பக்கம் விளக்கு எரியும், பட்டை ஓடும்.

நான் லிஃப்ட் பழுதுபார்ப்பவன்.
சும்மா தொங்குகிற வடம் எதையும் சொல்லாது.
பெட்டிக்குள் வார்ப்பிரும்புக் கட்டிகளை அடுக்கி
பலகையில் எழுதிய எடைக்கு மேல் கால் பங்கு கூட்டி
இறங்கும்போது நடுவழியில் பிரேக் போடவேண்டும்.
அப்போதுதான் அது வாய் திறக்கும்.
இருபது வருடமாக இதை
ஊரார் கட்டடங்களுக்குச் செய்கிறேன்.

டெர்ஷ்னியின் அங்கிக் கழுத்தில்
அந்தக் கோட்டின் தலைப்பு தெரிந்தது.
பதினாலாவது மாதத்தில் போட்ட தையல்,
அவளோடு சேர்ந்து அதுவும் வளர்ந்திருக்கிறது.
நொம்புசோ பத்து வில்லைகளை எண்ணி ஒட்டினாள்.
மூக்குக்கும் வாய்க்கும் முகமூடி.
விரல் நுனியில் சிவப்பு வெளிச்சம்.
மூலையில் ஒரு தள்ளுவண்டி,
அதன் மேல் இதயத்துக்கு அதிர்ச்சி கொடுக்கும் பெட்டி.
பார்க்காதவன் போலப் பார்த்துக்கொண்டேன்.

முதல் மூன்று நிமிடம் நடை.
பிறகு தரை சாயும், வேகம் கூடும்.
மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை
அவள் காலடிக்கே வரும் ஒரு குன்று.
முகமூடிக்குள் பேச முடியாது.
கட்டைவிரல் மேலே என்றால் முடியும்,
கீழே என்றால் போதும்.

எங்கள் வீட்டில் எல்லாம் ஆங்கிலம்தான்,
அதட்டுவதற்கு மட்டும் தமிழ்.
ஓடாதே. ஏறாதே. குதிக்காதே. மழையில் நனையாதே.
மகளிடம் நான் பேசிய தமிழ் முழுவதும்
‘ஆதே’யில் முடிந்துபோனது.

ஒன்பதாவது நிமிடம். நடை ஓட்டமானது.
“ஷேஷா! ஷேஷா!” நொம்புசோ கைதட்டுகிறாள்.
ஜூலுவில் அது ‘சீக்கிரம்’.
திரையில் நூற்று எழுபத்தெட்டு.
என் மணிக்கட்டை நானே பிடித்துப் பார்த்தேன்:
சுவரில் சாய்ந்து நிற்பவனுக்கு நூற்றுப் பன்னிரண்டு.

“அப்பா, நீங்களும் சொல்லுங்கள்” என்றாள் நொம்புசோ.
பழகிய சொல்தான் நாக்கு நுனிக்கு வந்தது.
அதன் வாலை முறித்துப் போட்டேன்.

ஓடு.

டெர்ஷ்னி திரும்பிப் பார்த்தாள், தடுமாறினாள்,
கம்பியைத் தொட்டாள், விட்டாள்,
காலுறை திணித்த ஷூ தடதடக்க
ஓடினாள்.
பன்னிரண்டைத் தாண்டியதும் கட்டைவிரல்
மேலுமில்லாமல் கீழுமில்லாமல் கிடையாய் நின்றது,
பேரம் பேசுகிறவளைப் போல.
பிறகு கீழே.

டாக்டர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
வால்வில் கசிவு அப்படியே இருக்கிறது,
ஒருநாள் மாற்றத்தான் வேண்டும்,
அந்த நாள் இப்போதைக்கு இல்லை என்றார்.
“ஆனால் இந்த மூச்சு எங்கிருந்து வந்தது?
யார் பயிற்சி கொடுத்தது?”

என்னைப் பார்க்காமல் சொன்னாள்:
பள்ளிக்கூடத்துப் பின்பக்கம்.
தண்ணீர்த் தொட்டி வரைக்கும் போய்த் திரும்பி.
இரண்டாம் வகுப்பிலிருந்து.

“மழை நாளில்?”
“மழை நாளிலும்.”

முதலில் வந்தது கோபம், மறைக்கமாட்டேன்.
நான்கு வருடமாக எனக்குத் தெரியாமல்
என் மகள் தன் வடத்தில்
கட்டி கட்டியாக எடை ஏற்றியிருக்கிறாள்.
கோபம் கார் நிறுத்தம் வரை கூட வந்தது.
கதவைத் திறக்கும்போது தேடினேன், காணோம்.

கடையில் புது ஷூவை மாட்டி நின்றாள்.
குனிந்து அதன் முனையைக்
கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தேன்.
ஒரு விரல் அளவு வெற்றிடம்.
“அடுத்த வருடத்துக்கும் ஆகும்” என்றான் விற்பவன்.
அடுத்த வருடமும் வரச்சொல்லியிருக்கிறார்கள்.
இன்னொரு முறை அழுத்திப் பார்த்தேன்.