புல் கார்டு

காட்டுப்பள்ளிக் கரி யார்டில்
ஏழாம் நம்பர் பெல்ட்டின் ஓரமாய்
இடுப்புயரத்தில் ஓடுகிறது ஒரு சிவப்புக் கயிறு.
இழுத்தால் பெல்ட் நிற்க வேண்டும்.
அவ்வளவுதான் அதற்கு வேலை.
எனக்கும் ஏறக்குறைய அதே வேலை,
சட்டையில் பெயர்ப் பட்டையோடு.

பதினாலாம் தூணருகே கயிறு தொய்ந்திருந்தது.
மார்ச் மூன்றாம் தேதி எழுதினேன்.
பத்தொன்பதாம் தேதி எழுதினேன், அடியில் கோடிட்டு.
ஏப்ரலில் சிவப்பு மையில்.
"அடுத்த ஷட்டவுன்ல பாத்துக்கலாம் சார்,
கப்பல் காத்துக்கிட்டு நிக்குதே"
என்றார் ஷிப்ட் இன்சார்ஜ் சிற்சபேசன்.
கெட்டவரில்லை.
மகளுக்கு நர்சிங் சீட்டு கிடைத்ததென்று
அன்றைக்குத்தான் பால்கோவா கொடுத்தார்.
தின்றுகொண்டே கையெழுத்துப் போட்டேன்,
'பார்வையிடப்பட்டது' என்பதற்குக் கீழே.

சுதாம் பெஹரா தால்ச்சர் பக்கத்து ஆள்.
அவன் ஊரின் அடியிலிருந்துதான் வருகிறது கரி,
பாரதீப்பில் ஏறி, கடல்வழியாய்.
அவன் வந்தது ரயிலில், நின்றுகொண்டே.
ஒருநாள் குவியலைக் காட்டிச் சொன்னான்:
"இது நம்ம மாமா வயல் சார்."
சிரிப்பதா என்று எனக்குத் தெரியவில்லை.
அவனே தும்மி, பேச்சை முடித்துவைத்தான்.

அவனுக்கு நான் கொடுத்த பயிற்சி நாற்பது நிமிடம்,
தமிழில்.
எல்லாவற்றுக்கும் தலையாட்டினான்.
பயிற்சி பெற்றதற்குச் சாட்சியாக
இடது கட்டைவிரலை உருட்டி வைத்தான்.

மே ஆறு, ராத்திரி இரண்டே முக்கால்.
புல்லியில் அப்பிய ஈரக் கரியைச் சுரண்டப் போயிருக்கிறான்.
இடது கை உள்ளே போக
வலது கை கயிற்றைத் தேடியிருக்கிறது.
"கவுறு வந்துகினே கீது சார்," என்றான் எபினேசர்,
"வந்துகினே கீது, வந்துகினே கீது.
பெல்ட்டு நிக்கல.
நான் பேனல் ரூமுக்கு ஓட்னேன்.
ஷூ கழண்டுச்சு, அத்த வுட்டு ஓட்னேன்."

காலையில் கேட்டுக்குப் போனேன்.
கரும்பலகையில்
விபத்தில்லா நாட்கள்: 412.
"காண்ட்ராக்டர் ஆளு, நம்ம கணக்குல வராது"
போனில் சொன்னது யாரென்று எழுத மாட்டேன்.
413 என்று எழுதியது நான்.
என் எண்கள் அழகாயிருக்கும் என்பார்கள்.

விசாரணையில் எல்லோரிடமும் காகிதம் இருந்தது.
என்னிடம் மூன்று தேதிகள்.
மூன்றும் என்னைக் காப்பாற்றின.
பதிவேட்டைப் புரட்டிய அதிகாரி
அந்தக் கட்டைவிரல் ரேகையின்மேல் டீ டம்ளரை வைத்தார்.
எடுக்கச் சொன்னேன்.
ஏனென்று கேட்டார்.
சுதாமிடம் இப்போது அது அந்தப் பக்கத்தில் மட்டும்தான் இருக்கிறது
என்று சொல்ல வாய் வரவில்லை.
"ஈரமாகும் சார்" என்றேன்.

இப்போதெல்லாம் ஆறு மணிக்கே வந்துவிடுகிறேன்.
தூண் தூணாய் நடந்து
ஒவ்வொரு கயிற்றையும் இழுக்கிறேன்.
பெல்ட் நிற்கிறது. போன் அலறுகிறது.
"யாருப்பா நிறுத்துனது?"
"நான்தான்."
இரண்டு மெமோ வந்தாயிற்று.

நின்ற நேரத்தில்
கொசஸ்தலைப் பக்கமிருந்து கேட்கும்
ஒரு படகின் மோட்டார்,
எங்கோ இருமும் ஆள்.

பதினாலாம் தூணில் மட்டும்
இரண்டு முறை இழுக்கிறேன்.