கழிச்சோ

கோபாலபுரம் செக்போஸ்ட் தாண்டும்போதே
கணக்கை முடித்துவிட்டேன்.
ஐந்நூறில்
பஸ்ஸுக்குப் போக வர நூற்றியெண்பது,
டிக்கெட் இரண்டு, இருநூறு.
மிச்ச நூற்றியிருபதில்
நானும் ஜெசிந்தாவும் சாப்பிட வேண்டும்.
"நாடகம் முடிஞ்சு சாப்பிடலாமே" என்றாள்.
ஒன்பது மணி பஸ்ஸை விட்டால்
அப்புறம் நாமதாண்டி நாடகம்.

பாலக்காட்டில் நாலே முக்கால் என்பது
எந்த வேளையிலும் சேராத வேளை.
முதல் கடையின் எச்சில் இலைகளை
மாடு தின்றுகொண்டிருந்தது.
"ஊணு கழிஞ்ஞு" என்றார் கல்லாவில் இருந்தவர்,
தலையைத் தூக்காமல்.
அடுத்த கடையில் பழம்பொரி மட்டும்,
கண்ணாடிப் பெட்டிக்குள்
காலையிலிருந்து யாரும் பெண்பார்க்க வராத முகத்தோடு.
மூன்றாவதில் ஏசி இருந்தது.
மெனு அட்டையை வலமிருந்து இடமாக,
விலையிலிருந்து பெயருக்குப் படித்தோம்.
வைத்த தண்ணீரைக் குடித்தோம்.
அடிக்காத போனைக் காதில் வைத்துக்கொண்டு
ஜெசிந்தா எழுந்தாள்.
"அய்யோ எப்போ?" என்று அவள் கேட்க
நானும் பதறிப்போய்ப் பின்னால் ஓடினேன்.
அன்றைக்குப் பார்த்த முதல் காட்சி அது.

நல்ல கடைக்கு ஒரு அடையாளம் உண்டு.
போர்டைப் பார்க்கக் கூடாது.
எந்தச் சந்தில் ஆட்டோக்கள்
ஆளில்லாமல் நிற்கின்றன என்று பார்க்க வேண்டும்.
கோட்டைக்குப் பின்னால் ஒரு சந்து,
ஐந்து ஆட்டோ,
ஐந்திலும் ஆளில்லை.

சிக்கந்தர் ராவுத்தர்
அடுக்கிய பரோட்டாவை இரண்டு கையாலும்
பக்கவாட்டில் அடித்துக்கொண்டிருந்தார்.
"பொள்ளாச்சியா? உக்காருங்க, சூடா இருக்கு."
எல்லை தாண்டி வந்த தமிழுக்கு
அங்கேயே இருந்த தமிழ் இடம் போட்டது.
பரோட்டா நாலு, நாற்பத்தெட்டு.
பீஃப் வாசனை இலவசம்;
கடலைக்கறி நாற்பது.
சாயா இரண்டு, இருபத்துநாலு.
சாறு கேட்காமலே இரண்டாம் தடவை வந்தது,
பில்லில் வரவில்லை.

மூலை பெஞ்சில்
துணிப்பை மடியில் வைத்த ஒரு ஒல்லி மனிதர்
கட்டன்சாயாவை ஊதிக்கொண்டே இருந்தார்.
"கழிச்சோ ப்ரபாகரேட்டா?" என்றான் மேசை துடைக்கும் பையன்.
"இல்லா. களி கழிஞ்ஞிட்டு கழிக்காம்."
ஆட்டம் முடிந்தபின் சாப்பிடலாம்.
எனக்கு அது புரிய
ஒரு பரோட்டா நேரம் ஆனது.
முடிவதற்கும் உண்பதற்கும்
இங்கே ஒரே சொல்.
நானோ பஸ் ஏறியதிலிருந்து
அதே சொல்லால்
ஐந்நூறைக் கழித்துக்கொண்டிருக்கிறேன்.

ஆறரைக்குத் திரை விலகியது.
அவர்தான்.
எதிரே இலை இல்லை. இருந்தது.
ஓரத்து எறும்பை நகத்தால் தள்ளினார்.
சோற்றைக் குழித்து, ஊற்றப்படாத குழம்பு
வழியாமல் விரலால் அணை கட்டினார்.
கறிவேப்பிலையைத் தனியே ஒதுக்கினார்.
பாதியில் நிறுத்தி, நிமிர்ந்து,
"இன்னும் கொஞ்சம்" என்று
கண்ணாலேயே கேட்டார்,
அரங்கம் மொத்தத்திடமும்.
யாரும் இருமவில்லை.
ஜெசிந்தா கைக்குட்டையை வாயில் அழுத்தி
ஏப்பம் ஒன்றை
உயிரைக் கொடுத்து விழுங்கினாள்.
என் விரல்களில் கடலைக்கறி மணத்தது.
கையை முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டேன்.

எட்டு நாற்பதுக்கு
பஸ்ஸைப் பிடிக்க அந்தச் சந்து வழியே ஓடினோம்.
ஆட்டோக்கள் போயிருந்தன.
பாதி இறங்கிய ஷட்டருக்குக் கீழே
வெளிச்சமும் இரண்டு கால்களும்.
குனிந்து பார்த்தால்
காதோரம் சாயம் கலையாமல் ப்ரபாகரேட்டன்,
துணியில் பொதிந்து வைத்திருந்த மூன்று பரோட்டா,
எங்களுக்குக் கட்டாத பீஃப்.
கறிவேப்பிலையை ஒதுக்கவில்லை, தின்றார்.

"கழிச்சோ?" என்றாள் ஜெசிந்தா,
ஷட்டருக்குள் தலையை விட்டு,
அவள் வாயில் வந்த முதல் மலையாளம்.
வாய் நிறைய இருந்தது அவருக்கு.
இடது கையைத் தூக்கி
இரு, இரு என்றார்.

இருக்க முடியவில்லை.
பஸ் ஹாரன் அடித்துவிட்டது.