இருபது நிமிடம்

வால்பரைசோவில் லாரி பாதிக் குன்று வரைதான் ஏறும்.
மீதிக்கு என் தோள்.
ஐந்து கிலோ, பதினொன்று, பதினைந்து, நாற்பத்தைந்து.
எரிவாயு உருளைகள் இந்த நான்கு அளவில் வருகின்றன.
படிகளுக்குத்தான் அளவில்லை.

மழலையர் பள்ளியிலிருந்து ஒரு மஞ்சள் அட்டை வந்தது.
தேதி. புத்தகத்தின் பெயர். நிமிடம். பெற்றோர் கையெழுத்து.
தினமும் இருபது நிமிடம் பிள்ளைக்கு வாசித்துக் காட்டுங்கள்
என்று கீழே ஒரு கரடி சொல்லிக்கொண்டிருந்தது.
கரடிக்குக் கண்ணாடி மாட்டியிருந்தார்கள்.

நோர்மாவுக்கு மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் இரவு வேலை.
நான் வர, அவள் கிளம்ப,
வாசலில் சாவி கை மாறும், பிள்ளை கை மாறும்.
"சூப்புல உப்பு போடலை" என்பாள்.
அன்றைய பேச்சு அவ்வளவுதான்.

சாப்பிட்டு, கால் கழுவி, மில்லாராயை மடியில் இருத்தி
புத்தகத்தைத் திறப்பேன். வீட்டில் இருந்தது ஒன்றே ஒன்று:
ஒரு முயல், ஒரு குடை.
குடை விரிவதற்குள் என் தலை சாய்ந்துவிடும்.

காலையில் அட்டையில் எழுதுவேன்: இருபது நிமிடம்.
அதே முயலை எத்தனை நாள் எழுதுவது?
பெயர்களையும் நானே போட்டேன்.
'நிலாவுக்குப் போன கழுதை.'
'தொப்பி தைத்த நண்டு.'
'மூன்று சகோதரிகளும் ஒரு பூசணியும்.'
பேனா ஓடியது. பொய் சொல்ல மூச்சு வாங்குவதில்லை.

ஜூன் மாதம் ஆசிரியை ஃப்ரெசியா கூப்பிட்டனுப்பினார்.
பிடிபட்டேன் என்றுதான் போனேன்.
குட்டி நாற்காலி. முழங்கால் மார்பில் முட்டியது.
அவர் அட்டையைத் தொடவே இல்லை.
"எண்ணும்போது ஐந்துக்குப் பிறகு தடம் மாறிவிடுகிறாள்.
நான்கு, ஐந்து, பதினொன்று, பதினைந்து, நாற்பத்தைந்து.
அதோடு எண்கள் தீர்ந்துவிட்டன என்கிறாள்.
வீட்டில் யார் சொல்லித் தருகிறீர்கள்?"

யாரும் இல்லை என்றேன்.

சனிக்கிழமைகளில் அவள் லாரியில் என்னோடு வருவாள்.
உருளையை ஸ்பேனரால் தட்டிக்கொண்டே போவேன்.
எங்கோ ஒரு ஜன்னல் திறக்கும். "பதினைந்து ஒன்று!"
நான் ஏறி இறங்கும்வரை
நோட்டை மடியில் விரித்துக் காத்திருப்பாள்.
பெயர், அளவு,
பணம் தராதவர்களின் பெயருக்கு எதிரே ஒரு சொல்.
அவள் முதலில் வாசித்தது அந்தச் சொல்லைத்தான்.
அம்மா இல்லை. பூனை இல்லை. பாக்கி.

எனக்குத் தெரிந்தது ஆகஸ்டில், ஒரு மழை இரவில்.
மஞ்சள் அட்டையின் மேல் குப்புறப் படுத்து
விரலால் எழுத்துகளைத் தள்ளிக்கொண்டு போனாள்,
நான் படியில் உருளையை ஏற்றுவது போல,
ஒரு முட்டு, ஒரு நிறுத்தம்.
நி. லா. வுக். குப்.
அப்புறம் கழுதை.
நிமிர்ந்து அலமாரியைப் பார்த்தாள்.
அங்கே முயல் மட்டும் நின்றது.

"அப்பா, இந்தப் புஸ்தகம் எங்கே?"

யாருக்கோ கொடுத்துவிட்டேன் என்பது நாக்கு நுனி வரை வந்தது.
கரடி என்னையே பார்த்தது.
அவள் பென்சிலை எடுத்தாள்.
கழுதைக்கு எதிரே எழுதினாள்: பாக்கி.
நண்டுக்கு எதிரே: பாக்கி.
சகோதரிகளுக்கு இடம் போதவில்லை, பூசணியின் மேலேயே எழுதினாள்.

அன்றிரவு கழுதை கிளம்பியது.
நிலாவில் அடுப்பு அணைந்துவிட்டதாம்,
முதுகில் நாற்பத்தைந்து கிலோ.
"எத்தனை படி?"
"எண்ணிக்கொண்டே வா" என்றேன்.
மேகம் வரை ஏறியது நினைவிருக்கிறது.
அதற்கு மேல் கழுதைதான் அறியும்.

விடியற்காலையில் நோர்மா ஈரக் கோட்டோடு நின்று
அட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.
கழுதையின் பாக்கி அடிக்கப்பட்டிருந்தது.
நிமிடம் என்ற கட்டத்தில், இரண்டு கோணல் கோடுகள்:
11.

"பதினொண்ணா?" என்று கேட்டேன்.
"அஞ்சுக்கு மேல சொன்னே" என்றாள் போர்வைக்குள்ளிருந்து.
"அஞ்சுக்கு அப்புறம் பதினொண்ணு."

கையெழுத்துப் போட்டேன்.